சுண்டெலியின் துடிப்பும் நம் நெஞ்சின் துடிப்பும்



இதயத்தை அரபு மொழியில் 'கல்பு' என்கிறோம். அச்சொல்லின் வேருக்குப் புரளுதல், திரும்புதல் என்று பொருள். மனித உள்ளம் நொடிக்கு நொடி புரளக்கூடியது என்பதால் அப்பெயர் வந்தது என்று அறிஞர்கள் விளக்குவர். உடம்பின் கல்பும் அப்படித்தான். நாம் உறங்கினாலும் அது உறங்குவதில்லை. நிமிடத்திற்கு எழுபத்திரண்டு முறை எனக் கொண்டால், ஒரே நாளில் ஒரு இலட்சத்து மூவாயிரம் தடவைக்கு மேல் அது சுருங்கி விரிகிறது. இத்தனை துடிப்புகளும் வரிசை மாறாமல் நடப்பதால்தான் நாம் அதை மறந்து வாழ்கிறோம். வரிசை மாறும் அன்றுதான் அதன் நினைவே நமக்கு வருகிறது.

ஊரில் எப்போதாவது ஒரு செய்தி வரும். இருபத்தைந்து வயது இளைஞன். நோய் நொடி அறியாதவன். பந்து விளையாடிக் கொண்டிருந்தவன் சுருண்டு விழுந்து மவ்த்தாகிவிட்டான் என்பார்கள். சிலர் மாரடைப்பு என்பார்கள். சிலர் கண்ணேறு என்பார்கள். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அந்தப் பேச்சும் ஓய்ந்துவிடும். ஆனால் அந்த வீட்டில் அவனுக்குத் தம்பி இருக்கிறான், தங்கை இருக்கிறாள். அதே இரத்தம் அவர்களிடமும் ஓடுகிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஆய்வொன்றின் வேர் நம் மதுரையிலேயே இருக்கிறது. அதன் ஒரு கிளை, உள்ளங்கையில் அடங்கும் சுண்டெலியின் இதயத்திற்குள் சென்றிருக்கிறது. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

தடித்துப் போகும் இதயம்

மாரடைப்பு என்பது பெரும்பாலும் இதயத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபடுவதால் வருவது. நாம் இங்கே பேசுவது வேறு நோய். இதில் குழாயில் குற்றமில்லை; தசையிலேயே குற்றம். இதயத்தசை நோய் என்று இதைச் சொல்லலாம். சிலருக்கு இதயச் சுவர் காரணமின்றித் தடித்துக்கொண்டே போகும். சிலருக்குச் சுவர் மெலிந்து, இதயம் பை போல விரிந்துவிடும். தடிக்கும் வகை ஏறத்தாழ ஐந்நூறு பேரில் ஒருவரிடம் காணப்படுவதாக மருத்துவ உலகம் கணிக்கிறது. இது பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது.

தசை தடித்தால் உயிர் ஏன் போக வேண்டும்? வைகைப் பாசனத்தில் வயலுக்கு நீர் பாய்ச்சியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வாய்க்கால் சீராக இருந்தால் மடையில் திறந்த நீர் ஒரே சீராகக் கடைமடை வரை ஓடும். இடையிடையே மண் சரிந்து மேடு தட்டிவிட்டால் நீர் ஒதுங்கி, வளைந்து, வந்த வழியே திரும்பிச் சுழலும். இதயத்தில் ஓடுவது நீரன்று, மின்சாரம். நோயுற்ற தசையில் இழைகள் வரிசை குலைந்து கிடக்கின்றன. நடுநடுவே தழும்பு விழுகிறது. மின்னோட்டம் அங்கே தடைபட்டுச் சுழலத் தொடங்கினால் கீழறைகள் துடிப்பதை விட்டு நடுங்க ஆரம்பிக்கின்றன. நடுங்கும் இதயம் இரத்தத்தைத் தள்ளாது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

ஆகவே இந்நோயில் இதயத்தின் உருவத்தைப் பார்ப்பது மட்டும் போதாது. அதன் தாளத்தையும் பார்க்க வேண்டும்.

பல்கலை நகரிலிருந்து புறப்பட்ட தடயம்

1966இல் தோன்றி, 1978இல் காமராசர் பெயரைத் தாங்கிய நம் பல்கலைக்கழகம், நகருக்கு மேற்கே பல்கலை நகரில் அமைந்திருப்பதை அறிவீர்கள். அங்கே பேராசிரியர் ராஜமாணிக்கம் போன்றோர் இதயத்தசையின் மரபணுக்களை ஆராய்ந்து வந்தனர். திருவனந்தபுரத்து மருத்துவர்களும் ஜெர்மானிய அறிஞர்களும் சேர்ந்த குழுவுடன் அவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை 2003இல் வந்தது. இதயத்தசை நோய் கொண்ட இந்தியக் குடும்பங்களில், ஒரு மரபணுவிலிருந்து 25 எழுத்துகள் உதிர்ந்து போயிருப்பதை அக்கட்டுரை தெரிவித்தது.

மரபணு என்பது நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஏடு. அதில் 'மையோசின் இணைப்புப் புரதம் சி' என்ற புரதத்தைச் செய்யும் குறிப்பு ஓர் அத்தியாயம். இதயத்தசையின் தடித்த இழைகளைக் கட்டுக்குலையாமல் பிடித்து வைப்பதும், அவை சுருங்கும் வேகத்தை அடக்கி ஆள்வதும் இப்புரதத்தின் வேலை. 25 எழுத்துகள் உதிர்ந்தால் புரதத்தின் வால்பகுதி மாறிப்போகிறது. இழையைப் பற்றிக்கொள்ள வேண்டிய பகுதியே அந்த வால்தான்!

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ், மதுரையில் பயின்று அமெரிக்கா சென்ற சக்திவேல் சடையப்பன் உள்ளிட்ட பலர் இந்தத் தடயத்தைத் தொடர்ந்து சென்றனர். 2009ஆம் ஆண்டு 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் வெளிவந்த அவர்களின் முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடம் இக்குறை இருக்கிறது; இருப்பவர்களுக்கு இதயத்தசை நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகம் என்றது அக்கட்டுரை.

நூற்றுக்கு நால்வர் என்றால் எத்தனை கோடிப் பேர் என்று எண்ணிப் பாருங்கள்! மேலூர்ச் சந்தையிலும் திருமங்கலம் பேருந்து நிலையத்திலும் நம் தோளை உரசிச் செல்லும் ஒவ்வோர் இருபத்தைந்து பேரிலும் ஒருவர். சாதி, மதம், மொழி எதையும் பார்த்து இது வருவதில்லை. காஜிமார் தெருவுக்கும் மாசி வீதிகளுக்கும் இதில் வேறுபாடு கிடையாது.

ஆனால் ஒரு புதிர் எழுந்தது. இக்குறையைத் தாங்கியவர்களில் பெரும்பாலோர் நலமாகத்தானே வாழ்கிறார்கள்? சிலர் மட்டும் ஏன் வீழ்கிறார்கள்? மனிதனின் இதயத்தைத் திறந்து வைத்து நாற்பது ஆண்டுகள் காத்திருந்து பார்க்க முடியாது. எனவேதான் ஆய்வாளர்கள் சுண்டெலியிடம் சென்றார்கள்.

ஏன் சுண்டெலி?

சுண்டெலியின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகள். பிறப்பு, இளமை, முதுமை மூன்றையும் ஓர் ஆய்வாளர் தம் பணிக்காலத்தில் பலமுறை காணலாம். மனிதனைப் போலவே அதற்கும் நான்கு அறை இதயம் உண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, அதன் மரபணுவில் நாம் விரும்பும் ஓரிடத்தை மட்டும் மாற்றும் கலை கைகூடியிருக்கிறது. அக்கலையை உருவாக்கிய கபெக்கி, எவன்ஸ், ஸ்மித்திஸ் மூவருக்கும் 2007இல் நோபல் பரிசு கிடைத்தது.

மரபுவழி இதயத்தசைத் தடிப்பு நோயைக் கொண்ட சுண்டெலியை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து சைட்மன் தம்பதியர் குழு 1996இல் உருவாக்கிக் காட்டியது. 1999இல் அதே குழுவினர், நாம் மேலே சொன்ன இணைப்புப் புரதம் பழுதான எலிகளையும் உருவாக்கினர். ஒவ்வொரு மரபணுவும் தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என இரண்டு படிகளாக வருவது நமக்குத் தெரியும். இரு படிகளும் பழுதான எலிகளுக்குப் பிறந்த சில நாட்களிலேயே இதயம் விரியத் தொடங்கிவிட்டது. ஒரு படி மட்டும் பழுதானவை இயல்பாகவே வாழ்ந்தன. முதுமையில்தான் இலேசான தடிப்பு தென்பட்டது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்துங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

உருவத்தைப் பார்த்தாயிற்று, தாளம்? அங்கேதான் கடினம் தொடங்கியது.

நிமிடத்திற்கு அறுநூறு!

இதயத்தின் மின்சாரத்தைத் தாளில் வரையும் கலை, லண்டனில் அகஸ்டஸ் வாலர் 1887இல் காட்டிய முயற்சியில் முளைத்தது. நெதர்லாந்தின் ஐந்தோவன் அதைச் செம்மைப்படுத்தி 1924இல் நோபல் பரிசு பெற்றார். இன்று அதுவே இ.சி.ஜி. என்று சிற்றூர் மருத்துவமனை வரை வந்துவிட்டது. அதில் வரும் மேடுகளைப் பி, க்யூ, ஆர், எஸ், டி எனப் பெயரிட்டு மருத்துவர் படிக்கிறார்.

சுண்டெலியின் எடை இருபத்தைந்து கிராம் அளவே. அதன் இதயமோ நிமிடத்திற்கு ஐந்நூறிலிருந்து எழுநூறு தடவை வரை துடிக்கிறது. அறுநூறு என்றே வைத்துக்கொண்டால், ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரம் நொடியில் பத்தில் ஒரு பங்கு! கீழறைகள் சுருங்குவதைக் குறிக்கும் மேடு, நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் வந்து போய்விடும். நொடிக்கு 250 முறை அளவெடுக்கும் கருவி, அந்த மேட்டை இரண்டு மூன்று புள்ளிகளாகவே காணும். இரண்டு புள்ளிகளை வைத்து எந்த உருவத்தை வரைவது? எனவே எலிக்கு நொடிக்கு ஆயிரம், இரண்டாயிரம் முறை அளவெடுக்கும் கருவி வேண்டும்.

அடுத்த சிக்கல், எலியை எப்படி அசையாமல் வைப்பது என்பது. கையில் பிடித்தால் அது அஞ்சும். அச்சத்தில் துடிப்பு ஏறும். மயக்க மருந்து கொடுத்தால் துடிப்பு இறங்கும். உடல் வெப்பமும் குறைந்து, அதனால் இன்னும் இறங்கும். இரண்டுமே அதன் இயல்பான தாளம் அல்ல. அஞ்சுகிறவனின் நாடியையும் உறங்குகிறவனின் நாடியையும் பார்த்து அவன் வாழ்க்கையை அளக்க முடியுமா?

இதற்குக் கண்ட வழிதான் தொலையளவை. ஓரிரு கிராம் எடையுள்ள சிறு ஒலிபரப்பியை, முறையாக மயக்கம் கொடுத்து, எலியின் தோலுக்கடியிலோ வயிற்றறையிலோ பொருத்தி, இரு மெல்லிய கம்பிகளை நெஞ்சுப் பகுதியில் நிறுத்துகிறார்கள். காயம் ஆறும்வரை பல நாட்கள் காத்திருக்கிறார்கள். அதன்பின் எலி தன் கூண்டில் உண்கிறது, ஓடுகிறது, உறங்குகிறது. கூண்டின் அடியில் உள்ள வாங்கி, இரவும் பகலும் அதன் துடிப்பைப் பதிவு செய்கிறது. ஒரு நாளில் எட்டு இலட்சம் துடிப்புகளுக்கு மேல்! அவற்றுள் எங்கோ ஓரிடத்தில் வரும் ஒரு தவறிய தாளத்தைக் கணினியின் துணையோடு தேடுகிறார்கள்.

எலி இரவில் விழித்துப் பகலில் உறங்கும் பிராணி. ஆகவே ஓர் எலியின் பகல் பதிவை இன்னோர் எலியின் இரவுப் பதிவோடு ஒப்பிட்டால் கணக்கு பொய்த்துவிடும். மனிதனுக்கு எழுதிய சூத்திரத்தை எலிக்கு வைப்பதும் பொருந்தாது. ஒவ்வொரு துடிப்பிற்குப் பின்னும் இதயம் மீண்டும் தயாராக எடுக்கும் காலத்தைத் துடிப்பின் வேகத்திற்கு ஏற்பத் திருத்திச் சொல்ல, மனிதர்களுக்காக பாசெட் என்பவர் 1920இல் ஒரு கணக்கு வகுத்தார். மயக்கமின்றி விழித்திருக்கும் எலிக்கென்று தனிக் கணக்கை மிட்செல் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 1998இல்தான் வகுத்தனர்.

எலி சொன்னதும் சொல்லாததும்

இணைப்புப் புரதம் பழுதான அந்த எலிகளின் தாளத்தை சார்லஸ் பெருல் குழுவினர் ஆராய்ந்து 2001இல் முடிவை வெளியிட்டனர். இரு படிகளும் பழுதான எலிகளின் இதயத்தை மின்தூண்டலால் சோதித்தபோது, கீழறைகளில் ஆபத்தான தாளக்கேடு எளிதில் எழுந்தது. ஒரு படி மட்டும் பழுதானவற்றில் அந்த எளிமை காணப்படவில்லை.

இருந்தும், எலியின் சொல்லை அப்படியே மனிதனுக்கு ஏற்றிவிடக் கூடாது. இதயத் தசையைச் சுருக்கும் மையோசின் புரதமே முதிர்ந்த எலியில் ஒரு வகை, நம்மில் பெரும்பாலும் வேறு வகை. ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் இதயத்தை அமைதிப்படுத்தும் மின்னோட்டங்களும் வேறு. அத்துடன், மிகச் சிறிய இதயத்தில் தாளக்கேடு எழுந்தாலும் சுழன்று நிலைக்க இடம் போதாமல் தானே அடங்கிவிடுவதுண்டு. ஆகவே எலி கோளாறு காட்டினால் அது ஒரு குறிப்பு. காட்டாவிட்டால் அது உறுதிமொழி ஆகாது.

எலியால் விளைந்த நன்மையையும் சொல்ல வேண்டும். தசையின் மிதமிஞ்சிய சுருக்கத்தைத் தணிக்கும் 'மாவகாம்டன்' என்னும் மருந்து, எலிகளில் நோய் வளர்வதைத் தடுத்ததாக 2016இல் ஆய்வு வந்தது. 2022இல் அமெரிக்க அரசு அதனை மனிதர்களுக்கு அனுமதித்தது. பழுதான இணைப்புப் புரத மரபணுவுக்கு ஈடாக நல்ல படியைச் செலுத்தும் சிகிச்சை 2014இல் எலிகளில் பலன் தந்தது. அவ்வகைச் சிகிச்சையை மனிதர்களிடம் சோதிக்கும் முயற்சியும் 2023இல் அமெரிக்காவில் தொடங்கியது.

அச்சம் வேண்டாம்; அலட்சியமும் வேண்டாம்

2009இன் செய்தியைப் படித்துக் கலங்கியவர்கள் அதன் பின் நடந்ததையும் அறிந்துகொள்ள வேண்டும். சக்திவேல் சடையப்பன் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் வாழும் தெற்காசியரைச் சோதித்தது. 25 எழுத்துகள் உதிர்ந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் அதே மரபணுவில் இன்னொரு பிழையும் உடனிருந்தது. இதயம் அளவுமீறிச் சுருங்கும் அறிகுறி அத்தகையோரிடமே தென்பட்டது. 2020இல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வொன்று, 25 எழுத்துக் குறையுடன் சிலரிடம் ஒட்டிவரும் வேறொரு பிழையே நோயின் பெரும்பங்குக்குக் காரணம். குறை தனித்து இருந்தால் ஆபத்து அதிகரிப்பதாகத் தெரியவில்லை என்றது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? நூற்றுக்கு நால்வர் நெற்றியிலும் மரண ஓலை எழுதப்பட்டிருக்கவில்லை. முதல் ஆய்வு பொய்யும் அன்று. அது காட்டிய வீட்டின் கதவைத் திறந்து, உள்ளே எந்த அறையில் ஆபத்து என்று பின்வந்தவர்கள் தேடிக் காட்டினார்கள். கல்வி வளர்வது இப்படித்தான்.

சம்பந்தம் பேசும் முன்

எலிகளில் கண்ட வேறுபாட்டிற்கு இப்போது வருவோம். ஒரு படி பழுதானால் தாங்கிக்கொண்ட உடம்பு, இரு படியும் பழுதானபோது தாங்கவில்லை. மனிதரிலும் இதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் தமக்குள்ளேயே மணம் செய்து வாழும் ஆமிஷ் மக்களிடையே, இதே மரபணுவில் வேறொரு பிழையை இரு வழியிலும் பெற்ற குழந்தைகள் ஓராண்டு நிறையும் முன்பே இறந்ததை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

மதுரைச் சீமையில் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் முடிப்பது எல்லாச் சமூகத்தாரிடமும் உள்ள வழக்கம். "அசலில் கொடுத்தால் பிள்ளை கண்காணாமல் போய்விடும்" என்பார்கள். சொத்து சிதறாது என்பார்கள். மார்க்கம் அதை அனுமதிக்கிறது, ஆனால் கட்டாயமாக்கவில்லை. தாத்தா, பாட்டி ஒருவரே ஆகும்போது, அவர்களிடமிருந்த ஒரே பிழை இரு வழியிலும் வந்து பேரப்பிள்ளையிடம் சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தில் மணந்த எல்லோர் வீட்டிலும் இது நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் நிகழ்ந்திருந்தால், அதே குடும்பத்திற்குள் மீண்டும் சம்பந்தம் பேசும் முன் இருதய மருத்துவரிடம் ஒரு சொல் கேட்பது அறிவுடைமை. சீர் என்ன, நகை என்ன என்று விசாரிக்கும் நாம், இதையும் விசாரித்தால் குறைந்துவிட மாட்டோம். இவ்விசாரணை ஒரு பெண்ணையோ பையனையோ ஒதுக்குவதற்கான ஆயுதமாகிவிடக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம்.

வாயில்லா ஜீவன்களின் பங்கு

இத்தனை நன்மைக்கும் எலி வதைபடலாமா என்று இரக்கமுள்ளோர் கேட்பர். கேட்க வேண்டிய கேள்விதான். வாயில்லா ஜீவனையும் வீணே நோகச் செய்தால் அதற்கும் கணக்கு உண்டு என்று நம்புகிறவர்கள் நாம். 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் மூன்று நெறிகளை வகுத்தனர்: இயன்றால் பிராணிக்குப் பதில் வேறு வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைத் தணி. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த குழு, ஆய்வுக்கூடங்களைப் பதிவு செய்து கண்காணிக்கிறது. தொலையளவை முறையும் இந்நெறிகளுக்குத் துணையானதே. ஒரே எலியை வாரக்கணக்கில் அதன் கூண்டிலேயே கவனிக்க முடிவதால், பல எலிகளை வெவ்வேறு நாட்களில் பலியிடும் தேவை குறைகிறது.

நாம் செய்ய வேண்டியது

அன்பு வாசகர்களே! ஆய்வுக்கூடத்தில் ஓர் எலிக்குக் கிடைக்கும் கவனம், நம் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கிறதா? ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழும் பிள்ளையை "பித்தம்", "பசி மயக்கம்" என்று தள்ளிவிடாதீர்கள். காரணமற்ற மூச்சிரைப்பு, நெஞ்சுப் படபடப்பு, உழைக்கும்போது வரும் நெஞ்சுவலி ஆகியவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள். அத்தா, அம்மா, உடன்பிறந்தார் எவருக்கேனும் இதயத்தசை நோய் இருந்தாலோ, இளவயதில் காரணம் தெரியாத மரணம் நேர்ந்திருந்தாலோ, மற்றவர்கள் நலமாக இருப்பினும் இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துப் பார்ப்பது அவசியம். தேவைப்பட்டால், இடுப்பில் கட்டிக்கொண்டு நாள் முழுதும் துடிப்பைப் பதியும் 'ஹோல்டர்' கருவியை மருத்துவர் பரிந்துரைப்பார். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், குடும்பத்தில் யார் யார் எந்த வயதில் எப்படி இறந்தார்கள் என்ற விவரத்தை மறைக்காமல் கூறுங்கள். மருத்துவருக்கு அதைவிடப் பெரிய துணை வேறில்லை.

மஹல்லா ஜமாஅத்துகள் நிக்காஹ் பதிவேடும் மரணப் பதிவேடும் வைத்திருக்கின்றன. மரணப் பதிவேட்டில் வயதையும் காரணத்தையும் தெளிவாக எழுதும் வழக்கம் ஏற்பட்டால், பிற்கால மருத்துவருக்கும் சந்ததிக்கும் அது வழிகாட்டும். செலவில்லாத காரியம்; ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரி, இறந்தவனின் தம்பியை ஒரு நாள் மருத்துவரின் வாசலுக்கு அழைத்துச் செல்லக்கூடும்.